தண்ணீருக்குப் போனவரின் பெயர்

படுத்திருக்கிறேன். முகம் தரையில். இரண்டு காதும் பொத்தியபடி. வாய் திறந்தபடி. வாய் திறந்திருந்தால் செவிப்பறை கிழியாது. உடம்புக்கு இது தெரியும். நான் யோசிக்கவேயில்லை.

வெளியே சைரன். ஏறி இறங்கும் சைரன். பிறகு கவனம், கவனம் என்று ஜெர்மனில் ஒலிபெருக்கி. "ஆக்டுங்! ஆக்டுங்!"

தரை குளிர்கிறது. மணல் இப்படிக் குளிராது. கண்ணைத் திறக்கிறேன். மாபிள் படி. பக்கத்தில் யாருடையதோ பிள்ளை வண்டி. இது போர் நடந்த வலைஞர்மடம் இல்லை. ஜெர்மனியில் ஹனோவர். நான் குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டு. ஐப்பசி மாதத்து ஞாயிறு. பூசைக்கு வெளிக்கிட்டவள் படியிலேயே விழுந்து கிடக்கிறேன்.

மேலேயிருந்து ஒரு குரல்.

"ரெஜினா! எழும்பு! படுக்கக் கூடாது! வெளிய போகட்டாம், வெளிய!"

என்கெச்சியக்கா. மேல்மாடிக்காரி. நைஜீரியா நாட்டவர், இக்போ இனம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இருவரும் பேசுவது ஜெர்மன். இருவருக்கும் அது அரைகுறை. எனக்குள் அது எங்கள் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

அடுத்த தெருவில் கட்டட வேலைக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு குண்டு. இட்லர் காலத்துப் போரில் விமானம் போட்டது. வெடிக்காமல் அப்படியே கிடந்திருக்கிறது. இந்த ஊரில் இது புதினமில்லை. சனம் நாயைப் பிடித்துக்கொண்டு, சுடுதண்ணிப் போத்தலில் கோப்பி எடுத்துக்கொண்டு, சுற்றுலாப் போவதுபோல நடக்கிறது. எனக்கு அப்படி வராது. நான் ஓடுகிறேன். சுவரோரமாக ஓடுகிறேன். குனிந்து ஓடுகிறேன். என்கெச்சியக்காவும் குனிந்துதான் ஓடுகிறார். ஒரு பொலிஸ்காரப் பெடியன் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபம். அங்கேதான் எல்லாரையும் இருத்துகிறார்கள். நீள வாங்குப் பலகையில் உட்கார்ந்து பைகளைத் திறந்தோம். அடையாள அட்டையும் மருந்தும் எடுத்து வாருங்கள் என்றுதான் ஒலிபெருக்கி சொன்னது. என்னிடம் இரண்டுமில்லை. என் பையில் ஒரு பிளாஸ்டிக் கலன். நிறையத் தண்ணீர். எப்போது திரும்ப வீட்டுக்குள் போய் நிரப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

என்கெச்சியக்கா தன் பைக்குள் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். பிறகு வெளியே எடுத்து வைத்தார். உப்பு. கடையில் வாங்கும் கடதாசிப் பெட்டி. ஒன்றில்லை, வீட்டிலிருந்த உப்பு முழுவதும்.

"ஏனக்கா உப்பு?"

"நீ ஏன் தண்ணி?"

எனக்குப் பாதி தெரிந்த கதை. அவர்தான் முதலில் சொன்னார்.

1968. பியாஃப்ரா, நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோக இக்போ சனம் போராடிய நாடு. அவருக்கு ஆறேழு வயது. பாதைகளையெல்லாம் அரசுப் படை மறித்துவிட்டது. ஊருக்குள் உப்பில்லை. வேகவைத்த இலையை உப்பில்லாமல் தின்றார்கள். தகப்பன் உப்புத் தேடி வெளிக்கிட்டார். விடியற்காலை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். வரவேயில்லை. அந்தக் கிழமையே விமானம் வந்தது. முதலில் தும்பி ரீங்காரம்போல ஒரு சத்தம். பிறகு தகரத்தைக் கிழிக்கும் சத்தம். சந்தை நாளில் சந்தைக்கே போட்டார்கள். தம்பிமார் இருவர் குண்டில் சாகவில்லை. பசியில், வயிறு வீங்கிச் செத்தார்கள்.

இனி என்னுடையது.

2009, சித்திரை. எங்கள் நாட்டுப் போரின் கடைசி நாட்கள். வலைஞர்மடம். பதுங்குகுழிக்குள் நானும் கைக்குழந்தையும். மகள் மெலனி. பால்மாவைக் கரைக்கத் தண்ணீரில்லை. இவர் மஞ்சள் கலனைத் தூக்கினார். "கிணத்தடிக்குப் போட்டு வாறன்" என்றார். போனார். கிணற்றடியில் நீண்ட வரிசை. முதலில் தூரத்தில் "டொம்". அது ஷெல் புறப்படும் சத்தம். பிறகு கூவல். கூவிக்கொண்டு போனால் அது எங்களுக்கில்லை. கூவல் பட்டென்று அறுந்தால் எங்களுக்கு. அன்று அறுந்தது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

புகை அடங்குமுன் ஓடினேன். குழந்தை இடுப்பில். கத்துகிறேன். "இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!" எங்கள் பெண்கள் புருசனின் பெயரைச் சொல்வதில்லை, இங்கே பாருங்கோ என்று இப்படித்தான் கூப்பிடுவோம். பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். கிணற்றடி முழுக்கப் பெண்கள். எல்லாரும் "இஞ்சேருங்கோ" என்றுதான் கத்தினோம். ஒருத்தி வாயிலும் ஒரு பெயரில்லை. புகைக்குள் கிடந்த எந்த மனிதனுக்குத் தெரியும், தன்னைக் கூப்பிடுவது யாரென்று?

கலன் கிடந்தது. ஓட்டை ஓட்டையாக. அவர் இல்லை. காயக்காரரை டிராக்டரில் ஏற்றிப் போனதாக ஒருவர் சொன்னார். இல்லை, அந்த இடத்தில் எடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்றார் இன்னொருவர். நான் முதலாமவரை நம்பினேன். இன்றுவரைக்கும்.

அதனால்தான் அவர் எனக்குக் காணாமற்போனவர். விசாரித்தவர்களிடமெல்லாம் பெயரை எழுதித்தான் காட்டினேன். வாயால் சொல்லவில்லை. ஒவ்வொரு கார்த்திகையும் இங்கே தேவாலயச் சுவாமி கேட்பார், இறந்தோர் பூசைக்கு உங்கள் வீட்டுப் பெயர் இருக்கிறதா என்று. அம்மாவின் பெயரைக் கொடுப்பேன். தம்பியின் பெயரைக் கொடுப்பேன். இவருடையதைக் கொடுக்கமாட்டேன். கொடுத்தால் நானே கொன்றதாகிவிடும். உயிரோடிருந்தால் என்ன பாவம் அது!

என்கெச்சியக்காவுக்கு இது தெரியும். படிகழுவும் முறை வரும் நாட்களில் வாளியும் கையுமாக நின்று கடவுளைப் பற்றித்தான் சண்டை பிடிப்போம். அவரும் நான் போகும் கோயிலுக்குத்தான் வருகிறார். ஆனால் தகப்பன் பழைய வழிக்காரர். மகளுக்கும் அது விட்டுப்போகவில்லை. எல்லாவற்றையும் படைத்தவர் சுக்வு. பெரியவர். அவருக்கு அவர்கள் ஊரில் கோயிலில்லை, சிலையில்லை. சின்ன விசயத்துக்கு அவரைக் கரைச்சல்படுத்துவதில்லை. கீழேயிருக்கும் தெய்வங்களிடம் சொன்னால் அவை கொண்டுபோய்ச் சேர்க்கும். வெயிலுக்கு அன்யான்வு. இடிக்கு அமாடியோஹா. எல்லாருக்கும் கிட்ட இருப்பவள் அலா. அலா என்றால் நிலம்.

"டொக்டரிட்ட மாதிரிக் கடவுளிட்டப் போகவும் டேர்மின் எடுத்து நேரம் குறிக்கோணுமோ அக்கா?" என்று பகிடி பண்ணுவேன்.

"உனக்குக் கதவுத் திறப்புத் துலைஞ்சா ஆரைக் கூப்பிடுறாய்? அந்தோனியாரைத்தானே? நேர மேல போறியோ?"

சிரித்துவிட்டு வாளியைத் தூக்குவேன். ஒருநாள் கோபத்தில் கேட்டேன். இடிக்குத் தெய்வம் இருந்தால் சந்தைக்குக் குண்டு போட்டவனை ஏன் அடிக்கவில்லை? அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "நானும் கேட்டனான். சின்னப்பிள்ளையில கேட்டனான். இன்னும் ஒண்டும் சொல்லேல்ல" என்றார். அன்று இருவரும் மிச்சப் படியையும் சேர்ந்தே கழுவினோம்.

இன்று மண்டபத்தில் அவர் அந்தக் கதையின் மிச்சத்தைச் சொன்னார். இவ்வளவு காலமும் சொல்லாதது.

போர் முடிந்தது. தாய் காத்திருந்தார். தகப்பனின் பங்குச் சாப்பாட்டை எடுத்து வைத்தார். செத்துவிட்டார் என்று சொன்ன சொந்தக்காரருடன் பேச்சை விட்டார். வருடங்கள் போயின. ஒருநாள் தாய்க்குக் கனவு. தகப்பன் வாசலில் நிற்கிறார். உள்ளே வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. மெலிந்துபோய் நிற்கிறார். அவர்கள் வழியில், சாவுச் சடங்கு செய்யாதவரை முன்னோர் தங்கள் பக்கத்தில் இருத்தமாட்டார்கள். தாய் எழும்பிச் சொந்தக்காரரைக் கூப்பிட்டார். உடம்பில்லை. ஒரு வாழைத்தண்டைத் தகப்பனின் துணியில் சுற்றினார்கள். வீட்டு வளவிலேயே குழி வெட்டித் தாட்டார்கள். மேளம் அடித்தார்கள். பெயர் சொல்லி அழுதார்கள்.

"அண்டைக்குத்தான் அம்மா நித்திரை கொண்டவ" என்றார் என்கெச்சியக்கா. "நீ அவரை உயிரோட வைச்சிருக்கிறன் எண்டு நினைக்கிறாய். நிக்க வைச்சிருக்கிறாய், ரெஜினா. கால் நோகாதோ அந்த மனுசனுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் அவரை அடிக்கலாம் போலிருந்தது. கலனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் பின்னால் வந்தார். பள்ளிக்கூட முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல். அவர் மண் தேடினார். ஒரு மரத்தடியில் கொஞ்சம் இருந்தது.

"எங்கட ஊரில இதுக்குக் கள்ளு வேணும். இஞ்ச தண்ணியே போதும். அலா கோவிக்கமாட்டா."

கலனை என் கையிலிருந்து வாங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

"சுக்வு, மேல இருக்கிறவரே, கேளும். அலா, கீழ இருக்கிற தாயே, வாங்கம்மா. இது என்ட அப்பா ஒக்கோரோவுக்கு."

பிறகு கலனை என்னிடம் நீட்டினார்.

"பேர் சொல்லி ஊத்து. பேர் சொல்லாட்டி தண்ணி ஆருக்கெண்டு அவவுக்குத் தெரியாது."

"ஏலாது."

"சொல்லு."

"ஏலாதக்கா!"

அப்போது ஒலிபெருக்கி. குண்டைக் கழற்ற முடியவில்லையாம். கிடக்கும் இடத்திலேயே வெடிக்க வைக்கப்போகிறார்களாம். எல்லாரும் உள்ளே போகட்டாம். யாரோ எங்களைப் பார்த்துக் கத்தினார்கள். நாங்கள் அசையவில்லை.

"டொம்."

கூவல் இல்லை. ஒரேயொரு சத்தம், நிலத்துக்கு அடியிலிருந்து. ஜன்னல்கள் கிலுங்கின. காகங்கள் எழும்பின. நான் விழுந்துவிட்டேன். முகம் மண்ணில். உதட்டில் மண். கலன் சரிந்து தண்ணீர் ஓடுகிறது. என் கன்னத்துக்குக் கீழே ஓடுகிறது. மண் அதை உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது.

"இஞ்சேருங்கோ" என்றுதான் வாய் முதலில் கத்தியது.

பிறகு சொன்னேன். மண்ணுக்குள் வாயை வைத்துச் சொன்னேன்.

"அருள்தாஸ்."

என் குரலில் அந்தப் பெயரை நான் அதற்குமுன் கேட்டதில்லை. திரும்பவும் சொன்னேன். கத்திச் சொன்னேன். என்கெச்சியக்கா பக்கத்தில் முழங்காலில் இருந்து என் முதுகைத் தடவினார். உள்ளேயிருந்து ஓடிவந்தவர்கள் எனக்கு அடிபட்டுவிட்டதென்று நினைத்தார்கள். இல்லை என்று அவர் கையால் காட்டினார். நான் அழுதேன். கிணற்றடியில் அழாத அழுகை அது.

பின்னேரம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போனதும் எர்லாங்கனில் படிக்கும் மகளுக்கு ரெலிபோன் எடுத்தேன். "பிள்ளை, வாற மாசப் பூசைக்கு அப்பான்ட பேரைக் குடுக்கப்போறன்" என்றேன். மெலனி எந்தத் திகதி என்று கேட்டாள். பிறகு, "ஓம் அம்மா. நானும் வாறன்" என்றாள்.

இனி, போனவை. எங்கள் ஊர் பேசாலையில் ஒரு கல்வீடு. ஒரு வள்ளமும் வலையும். கலியாணப் படம். ஒரு மஞ்சள் கலன்.

போனவர்கள். என் அம்மா திரேசம்மா, பொக்கணையில், ஷெல். என் தம்பி றொபேட், முள்ளிவாய்க்காலில், துவக்குச் சூடு. என்கெச்சியக்காவின் தகப்பன் ஒக்கோரோ, உப்புக்குப் போனவர். அவருடைய தம்பிமார் இருவர், பசி.

காணாமற்போனவர் ஒருவர் என்று இதுவரை எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அதை எடுத்துவிடுங்கள். காணாமற்போனவர் யாருமில்லை.

இறந்தவர், அருள்தாஸ். தண்ணீருக்குப் போனவர். என் புருசன்.