மானியக் குழு வந்த மதியம்

நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, கொண்டுவந்த பெண்ணை ஒன்றும் சொல்லாதீர்கள். ஒரு நாள் சர்க்கரையால் குடி முழுகிப் போய்விடாது.

பக்கத்து அறையில் நீங்கள் உட்காரவைத்திருக்கும் தையல்காரியை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள். "மருந்தை எங்கேயோ தொலைச்சுட்டேன், அதனாலதான் என் புள்ள செத்துப்போனா" என்று அவள் சொன்னதெல்லாம் பொய். கீழே விழுந்த ஊசியை இருட்டில் தடவியே எடுத்துவிடுகிறவள் அவள். தவிர, நாளை மதியம் நூறு பேருக்குச் சமைக்க அவள் வேண்டும்.

அந்தச் சமையலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் அடுக்குக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், முன்பு சைக்கிள் நிறுத்திக்கொண்டிருந்த கூடத்தில், வேலை போனவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு வேளை சாப்பாடு போடுகிறோம். அந்தச் சங்கத்துக்கு நான் செயலாளர். ஏழை எளியவர்களுக்காக வேலை செய்யும் சங்கங்களுக்கு நகராட்சி வருஷா வருஷம் மானியம் தருகிறது. விண்ணப்பத்தில் என்ன எழுதினாலும் சரி, கடைசியில் மூன்று பேர் கொண்ட குழு நேரில் வந்து பார்க்கும். அவர்கள் கண்ணில் என்ன படுகிறதோ, அதுதான் பேசும்.

போன வருஷம் நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாண வீடு மாதிரி கழுவித் துடைத்து வைத்திருந்தோம். பிள்ளைகளுக்குத் தலை வாரி, இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டு வரிசையில் நிறுத்தினோம். குழுவின் தலைவி சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கென்ன, நல்லாத்தானே இருக்கீங்க. உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்கம்மா" என்றார். மானியம் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துச் சங்கத்துக்குப் போனது. நான் போய்ப் பார்த்தேன். அவர்கள் கூரை ஒழுகியது, கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். பேச்சு நடந்த நேரம் முழுக்கச் சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். அந்த வாளிதான் ஜெயித்தது, சார். கூரையை அவர்கள் இன்னும் சரிசெய்யவில்லை. நானாக இருந்தாலும் செய்ய மாட்டேன்.

அந்த வருஷம் வாரத்தில் பாதி நாள் எங்களால் அடுப்பு மூட்ட முடியவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு கிழவர் தட்டோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை இப்படி நடக்க விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்த வருஷம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்தேன். புதுத் திரைச்சீலையைக் கழற்றிவிடுங்கள், டிவி மேல் பழைய துணியைப் போடுங்கள், யாரும் பவுடர் பூசிக்கொண்டு வந்து நிற்காதீர்கள். மேல்மாடி எலக்ட்ரீஷியன், "அக்கா, சட்டையையும் கிழிச்சுக்கவா?" என்று கேட்டான்.

"வேணாம்டா. நாடகம்னு கண்டுபிடிச்சிருவாங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, நீங்களே சொல்லுங்கள். ஆனால் எங்களிடம் அந்த வாளி மாதிரி ஒன்று இல்லை. அது என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

தையல்காரியின் மகளுக்கு ஏழு வயது. சிட்டு என்று கூப்பிடுவோம். சுவரெல்லாம் ஈரம் ஊறிய அந்த அறையில் வளர்ந்த பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. நல்ல டாக்டராகத் தேடிப் பிடித்தது நான்தான். இன்ஹேலர் தீரத் தீர ஆஸ்பத்திரியில் சொல்லி இலவசமாக வாங்கிக் கொடுத்ததும் நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அது கிடைத்த பிறகு பிள்ளை நன்றாகத் தேறிவிட்டாள். மாடிப்படியில் தடதடவென்று ஓடுவாள். என் செருப்பை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, என்னைப் போலவே நடந்து காட்டுவாள். பார்க்கிற யாரும் அவளைச் சீக்காளிப் பிள்ளை என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு அதுதான் யோசனையாக இருந்தது.

குழு வருவதற்கு முன்னால் தையல்காரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். "மருந்தை ரெண்டே ரெண்டு நாள் நிறுத்தி வைப்போம். அவங்க பாத்துட்டுப் போனதும் குடுத்துரலாம்."

"புள்ள தாங்குவாளாக்கா?"

"நான் பக்கத்துலயேதான இருக்கப்போறேன்."

புருஷன் விட்டுவிட்டுப் போன நாளில் அவளுக்குச் சோறு போட்டவள் நான். என் பேச்சைத் தட்ட மாட்டாள். அவளிடம் இருந்தால் மனசு கேட்காது என்று, இன்ஹேலரை நானே வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

காலையில் வருகிறோம் என்றவர்கள் மதியத்துக்கு மேல்தான் வந்தார்கள். அந்தத் தாமதத்துக்கு நான் பொறுப்பில்லை. அதற்குள் சிட்டுவுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. உதட்டின் நிறம் மாறியிருந்தது. தலைவி அவள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, "மருந்து குடுக்கலையாம்மா?" என்று கேட்டார்.

"வாங்க வசதி இருந்தா நாங்க ஏங்க உங்ககிட்ட வந்து நிக்கப்போறோம்?" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் கார்லயே ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம், தூக்குங்க" என்றார். ஆஸ்பத்திரியில் சிட்டுவைத் தெரியாத ஆள் கிடையாது. நாங்கதான் மருந்து தர்றோமே என்று யாராவது வாயைத் திறந்தால் எல்லாம் பாழ். "தினமும் இப்படித்தாங்க, கொஞ்ச நேரத்துல அடங்கிரும்" என்று சமாதானம் சொல்லி, அவர்களைச் சமையல் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

வாசலைத் தாண்டும்போது தையல்காரி என் கைப்பையைப் பார்த்தாள். கையை நீட்டினாள். கொஞ்சம் பொறு என்று கண்ணைக் காட்டிவிட்டு நடந்தேன். அடுப்பைக் காட்டினேன், பாத்திரங்களைக் காட்டினேன், அவர்கள் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னேன். கார் தெருமுனை திரும்பும்வரை நின்று வழியனுப்பினேன். அவ்வளவு நன்றாக எங்களுக்கு ஒரு கூட்டமும் நடந்ததில்லை. திரும்பி வந்து இன்ஹேலரைச் சிட்டுவின் வாயில் வைத்தபோது, உறிஞ்சிக்கொள்ள அவளிடம் மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தையல்காரியிடம் சொன்னேன், விஷயம் வெளியே வந்தால் மானியம் நின்றுவிடும், நூறு வயிறு காயும் என்று. அவள் தலையாட்டினாள். அதனால்தான் உங்களிடம் அப்படிச் சொன்னாள். நேற்று மானியம் சங்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இனி நான் எங்கே இருந்தால் என்ன, அதனால் நானே வந்தேன். பிள்ளையின் மருந்தை வாங்கி ஒளித்து வைத்து, கண்ணெதிரே அவளைச் சாகவிட்டவள் நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நீங்கள் இப்போது சொன்னதும் காதில் விழுந்தது, சார். மானியம் எங்களுக்குத்தான் என்று குழு வருவதற்கு முந்தைய வாரமே முடிவாகிவிட்டது, நேரில் வந்தது பேருக்குத்தான் என்று அந்தத் தலைவி உங்களிடம் சொல்லியிருக்கிறார். பெரிய மனிதர்கள் எல்லாம் முடிந்த பிறகு ஆயிரம் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அந்த முந்தைய வாரம் அவர்கள் சிட்டுவைப் பார்த்திருக்கவே இல்லையே.