கண்ணாடி டீச்சரின் வெள்ளிக்கிழமை வகுப்பு

அஸ்ஸலாமு அலைக்கும்.

மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளிவாசல் தலைவர் மாமா அவர்களே, ஹஜ்ரத் அவர்களே, மருத்துவமனை வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் டாக்டரம்மா அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும், டீச்சரின் கணவரான அண்ணன் அவர்களே, அவருடைய பெண்மக்கள் இருவரே, பெற்றோர்களே, இத்தனை பெரியவர்களுக்கு நடுவில் இவ்வளவு அமைதியாக உட்கார்ந்து என்னைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும் வெள்ளிக்கிழமைப் பிள்ளைகளே! இந்த மேடையில் நிற்க வேண்டியவள் நானல்ல. என்னை நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டார் ஒருவர்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள் நான். வேலை நேரத்தில் வாயில் குண்டூசி இருக்கும். அதனால் அமைதியான பெண் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். அது எவ்வளவு பெரிய பொய் என்பது நம்மை விட்டுப் பிரிந்த மர்ஹூமா கண்ணாடி டீச்சர் அவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசல் மாடி அறையில், பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த அவருக்குப் பக்கத்தில் நின்றவள் என்பதைத் தவிர இந்த மேடைக்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

கண்ணாடி டீச்சர் என்றதும் வெளியூர்க்காரர்கள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரைத் தேடுவார்கள். அவர் கண்ணுக்கு எந்தக் குறையும் கிடையாது. கடைசி வரிசையில் எந்தப் பிள்ளை யாருடைய தலைமுடியை இழுக்கிறது என்பது வரை தெரியும். அவர் வைத்திருந்தது முகம் பார்க்கும் கண்ணாடி. மருத்துவமனையில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலை. பேச்சு தாமதமான குழந்தைகளும், பக்கவாதத்தில் பேச்சை இழந்த பெரியவர்களும் அவரிடம் வருவார்கள். அவர்களுக்கு வாயைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடியை அப்படியே வெள்ளிக்கிழமை வகுப்புக்கும் கொண்டுவந்துவிட்டார்.

காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் வேலை பார்த்த அதே மருத்துவமனை, அவருக்குத் தெரிந்த அதே மருத்துவர்கள். அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். இறைவனின் முடிவு வேறாக இருந்தது. நாம் அவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள். இதைச் சொல்லிச் சொல்லித்தான் இந்த நாட்களைத் தள்ளினேன். ஆனால் அடக்கம் முடிந்து வாசலுக்கு வருவதற்குள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. "இனிமே வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்கா, இல்லையா?" கேட்டது ஒருவரல்ல. தாய்மார்கள் கேட்டார்கள், பிள்ளைகள் கேட்டார்கள். மாடி அறையில் நாற்காலிகளையும் பாய்களையும் அடுக்கி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நிர்வாகத்தாரும் கேட்டார்கள். ஆகவே நான் அழுவதற்கு மட்டும் இங்கே வரவில்லை. அந்தக் கேள்வியையும் கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.

வாரம் முழுவதும் ஹஜ்ரத் அவர்கள் ஓதிக்கொடுக்கிறார்களே, வெள்ளிக்கிழமை வகுப்பு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு எழுத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நம் தமிழில் 'க' ஒன்றுதான். அரபியில் காஃப் இரண்டு. ஒன்று நாக்கின் அடியிலிருந்து, உள்நாக்கை ஒட்டி வருவது. மற்றது அதற்குச் சற்று முன்னாலிருந்து, நாம் சாதாரணமாகச் சொல்கிற 'க' போல வருவது. பிள்ளைகள் பெரிய காஃப், சின்ன காஃப் என்பார்கள். நம் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்யும் சிறிய அத்தியாயங்களான சூராக்கள் சில, 'குல்' என்ற சொல்லில் தொடங்குகின்றன. பெரிய காஃபில் சொன்னால் அதற்குச் 'சொல்' என்று பொருள். சின்ன காஃபில் சொன்னால் 'சாப்பிடு' என்று பொருள். தமிழில் எழுதினால் இரண்டும் 'குல்'தான். இறைவன் 'சொல்' என்கிறான். நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் 'சாப்பிடு' என்று ஓதிக்கொண்டிருந்தார்கள்.

இதை எப்படித் திருத்துவது? அதட்டியா? காதைத் திருகியா? டீச்சர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிஸ்கட். அவர் பெரிய காஃபில் 'குல்' என்றால் தங்களுக்குத் தெரிந்த ஒரு வசனத்தைச் சொல்ல வேண்டும். சின்ன காஃபில் 'குல்' என்றால் ஒரு கடி கடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஆட்டத்திலிருந்து வெளியே. முதல் வாரம் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் தின்றார்கள். இரண்டாம் வாரம் பாதிப் பேர் தேறினார்கள். அதற்கடுத்த வாரம், வித்தியாசம் நன்றாகக் காதில் விழுந்தும், வேண்டுமென்றே தவறு செய்து பிஸ்கட்டை முடித்துவிட்டு வெளியே போனது ஒரு கூட்டம். அவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேர் இப்போது பாயில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்தக் கண்ணாடிகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? அண்ணன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். உடைந்து கழற்றப்பட்ட பக்கக் கண்ணாடிகளைக் கேட்டு வாங்கி வந்து, உள்ளங்கை அளவுக்கு வெட்டித் தருவார். கையைக் கிழிக்காமலிருக்க விளிம்பைச் சுற்றி நான் துணி வைத்துத் தைப்பேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து, உள்நாக்கு ஆடுகிறதா என்று பார்த்துப் பார்த்து அந்த எழுத்தைப் பிடித்தார்கள். தொண்டையிலிருந்து வரும் எழுத்துக்குக் கழுத்தில் கை வைத்துப் பார்ப்பார்கள். உதட்டிலிருந்து வரும் எழுத்துக்கு முகத்துக்கு நேரே ஒரு காகிதத் துண்டைப் பிடிப்பார்கள். இதையெல்லாம் பார்த்துப் பழகி, துணி தைக்கிற எனக்கே இந்த வயதில் எழுத்துகள் திருந்தின.

ஓதுவதோடு அவர் நிறுத்தவில்லை. வாரம் ஒரு சூராவின் பொருளைச் சொல்லி, வீட்டுக்கு ஒரு வேலை கொடுப்பார். அக்கம்பக்கத்தாருக்கு அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டிக்கும் சூராவைச் சொல்லிக்கொடுத்த வாரம், பக்கத்து வீட்டுக்கு ஏதாவது ஒரு பொருள் கொடுத்து உதவுங்கள் என்று அனுப்பினார். மறுநாள் காலை ஒரு தாய் மூச்சு வாங்க என் கடைக்கு ஓடி வந்தார். வீட்டில் இஸ்திரிப் பெட்டியைக் காணோம், கணவர் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போய்விட்டார். மகளைக் கேட்டால் டீச்சர் கொடுக்கச் சொன்னார் என்கிறாள். எந்த வீட்டுக்குக் கொடுத்தாள் என்று விசாரித்துப் போனால், இவரோடு பல மாதங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீடு. இஸ்திரிப் பெட்டியைத் திரும்ப வாங்கப் போனவர் அந்த வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வந்தார். இரண்டு வீட்டாரும் இன்று அந்தத் தூணுக்குப் பக்கத்தில் சேர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இத்தனையும் நடந்த வகுப்புக்கு எதிர்ப்பு இல்லாமலா இருக்கும்? குர்ஆனை விளையாட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. தலைவர் மாமா நேரில் பார்க்க வந்தார். இனி நான் சொல்லப்போவது மாமாவைப் பற்றியது. அவரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் பேசுகிறேன்.

மாமாவின் இரும்புக்கடையும் அவருடைய குரலும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவர் கடைக்குள்ளிருந்து பேசினால் தெருமுனையில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். அன்று மாடியேறி, கதவைத் திறந்து, "என்ன நடக்குது இங்கே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். தரை முழுக்கச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பெரிய வாய் வரைந்திருந்தது. தொண்டை, நாக்கு, பல், உதடு எல்லாம் அதில் இருந்தன. டீச்சர் ஒரு எழுத்தைச் சொன்னால், அது பிறக்கும் இடத்தில் ஓடிப்போய் நிற்க வேண்டும். அதுதான் அன்றைய ஆட்டம். ஒரு சின்னப் பெண் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, நீங்க நாக்கு மேல நிக்கிறீங்க" என்றாள். மாமா கீழே பார்த்தார். பார்த்துவிட்டு ஒதுங்கி உதட்டில் போய் நின்றார். அரை மணி நேரம் நின்று பார்த்தவர், நடக்கட்டும், ஆனால் சத்தம் மட்டும் குறையட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சத்தத்தைப் பற்றி யார் பேசுவது என்று டீச்சரும் நானும் பிறகு சிரித்து மாளவில்லை.

அந்தக் குரல்தான் ஒருநாள் நின்றுபோனது. பக்கவாதம். கை கால் மெல்ல மெல்லத் திரும்பின, பேச்சு திரும்பவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பது உள்ளே தெளிவாக இருக்கும், வாய்க்கு வராது. மாமா தொழுகைக்கு வந்தால் கடைசி வரிசையில் நிற்பார். முடிந்ததும் யாரும் சலாம் சொல்வதற்குள் வெளியேறிவிடுவார். பதில் சலாம் சொல்லி முடிக்க நேரமாகும் என்ற வெட்கம். எழுந்து நின்று வாயால் ஓதித் தொழுத மனிதருக்கு, ஒவ்வொரு தொழுகையிலும் ஓதும் அல்ஹம்து சூராகூடப் பாதியில் அறுந்துபோனது. அதைவிடப் பெரிய இழப்பு ஒரு மனிதருக்கு என்ன இருக்கிறது?

மருத்துவமனையில் டீச்சர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். மற்ற நோயாளிகள் முன்னால் வாயைத் திறக்க மாமா மறுத்துவிட்டார். அப்போது டீச்சர் சொன்னதை அவருடைய துணைவியார் என்னிடம் சொல்லியிருக்கிறார். "வெள்ளிக்கிழமை பிள்ளைங்களோட வந்து உட்காருங்க மாமா. அங்கே எல்லாருக்கும் தப்பு வரும்."

மாமா வந்தார். எந்த வகுப்பை மூட வந்தாரோ அதே வகுப்பில், பாயில், பிள்ளைகளோடு உட்கார்ந்தார். ஒரு குட்டிப்பெண் அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் ஓதத் தொடங்கி ஒரு சொல்லில் நின்றதும், பத்துப் பதினைந்து குரல்கள் ஒரே நேரத்தில் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தன. பாசத்தில்தான் கொடுத்தார்கள். மாமா வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் யாரையும் திட்டவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "மாமாவோட வார்த்தை மாமா வாயிலதான் இருக்கு. நீங்க எடுத்துக் கொடுத்தா அது உங்க வார்த்தை ஆயிடும். காத்திருங்க."

காத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. துறுதுறுவென்று ஓர் இடத்தில் நிற்காத பிள்ளைகள் ஒரு சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வாரா வாரம் காத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாமா அல்ஹம்து சூராவை முதலிலிருந்து கடைசி வரை ஓதி முடித்தார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. டீச்சர் திரும்பி நின்று ஜன்னலைச் சாத்துவது போல எதையோ செய்துகொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒருத்தி மட்டும் எழுந்து, ஒரு இடத்தில் எழுத்து சரியாக வரவில்லை, திரும்ப ஓதுங்கள் என்று மாமாவைத் திருத்தினாள். நோய் வந்த பிறகு மாமா சிரித்து அன்றுதான் பார்த்தோம்.

சகோதரர்களே, சகோதரிகளே! ஹஜ்ரத் அவர்களின் வகுப்பு நம் பிள்ளைகளுக்கு ஓதத் தருகிறது. அதற்கு எந்தக் குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு ஓத முடியாமல் தடுமாறுகிறவருக்கும் ஓர் இடம் வைத்திருந்தது. அந்த இடத்தில் நாற்காலிகளை அடுக்கப் போகிறோமா? கண்ணாடி டீச்சர் அவர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவா? என்னால் அவரைப் போல நடத்த முடியாது. அவருடைய படிப்பு எனக்கில்லை, அவருடைய பொறுமையில் பாதியும் இல்லை. ஆனாலும் இந்த அவையின் முன் உறுதி சொல்கிறேன். மாடி அறை கிடைத்தால் அங்கே, கிடைக்காவிட்டால் என் கடையில் இயந்திரங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளைகளை உட்கார வைப்பேன். அண்ணனும் பெரிய மகளும் உடன் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து ஒருவரை மாதம் ஒருமுறை அனுப்பி வைப்பதாக டாக்டரம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். ஹஜ்ரத் அவர்கள் எழுத்துகளைச் சரிபார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அறையைப் பற்றிய முடிவு தலைவர் மாமாவின் கையில். இன்று காலை அவர் வீட்டுக்குப் போய், என்ன முடிவு என்று கேட்டேன். "நானே... சொல்றேன்" என்றார். அந்த இரண்டு சொற்கள் வந்து சேர்வதற்குள் எனக்குக் கொடுத்த தேநீர் ஆறிவிட்டது. நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். வகுப்பு வேண்டாம் என்பதானால் தலையை ஆட்டினாலே போதுமே. அதற்கு இவ்வளவு பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டியதில்லையே.

நோய் வந்த பிறகு மாமா ஒலிபெருக்கி முன் நின்றதில்லை. இப்போது எழுந்து வருகிறார். பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, அவர்களுக்குத் தெரியும். நேரமாகும். நடுவில் யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.