வெப்ப மீற்றரில் முள் காணாமற்போனது பற்றி

பெயர் நமசிவாயம் பாலேஸ்வரி. வயது அறுபத்தேழு. விலாசம் நீர்வேலி தெற்கு, நீர்வேலி. தொழில் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியை. சமயம் சைவம். தமிழில் வாக்குமூலம் தருகிறேன்.

"ரீச்சர், ஓடேக்கை மீற்றரை ஆர் பாக்கிறது, ஐயாவோ நீங்களோ?" என்று எமில்ராஜ் என்னிடம் முன்பு ஒருமுறை கேட்டார். எமில்ராஜ் இப்போது இந்தப் பொலிஸ் நிலையத்தில் விசாரணைக்காக வைக்கப்பட்டிருக்கும் கார் எலெக்ரீசியன் ஆவார். அவர் குருநகரைச் சேர்ந்தவர், மருதனார்மடச் சந்திக்கு அருகே கடை வைத்திருக்கிறார். நடந்ததை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். எழுதும் உத்தியோகத்தர் கேட்டுக்கொண்டபடி மெதுவாகச் சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பது பழைய ஒஸ்ரின் ஏ40 கார். கடந்த ஆண்டு அதன் என்ஜின் சூடேறிப் பழுதானதால், சூட்டைக் காட்டும் மீற்றர் ஒன்றும் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மீற்றர் ஒன்றும் புதிதாகப் பூட்டவேண்டும் என்று என் கணவர் நமசிவாயம் விரும்பினார். நாங்கள் இருவரும் எமில்ராஜின் கடைக்குப் போனோம். அவர் இரண்டு விதமான வெப்ப மீற்றர்களை எங்களுக்குக் காட்டினார். ஒன்று என்ஜினிலிருந்து வயர் மூலம் செய்தி வாங்குவது. மற்றதில் வயரே இல்லை. அதன் முதுகிலிருந்து ஒரு மெல்லிய செப்புக்குழாய் நீண்டு, நுனியில் சிறுவிரல் அளவான ஒரு குமிழில் முடியும். அந்தக் குமிழை என்ஜினின் தண்ணீருக்குள் இருக்கும்படி பூட்டவேண்டும். எதை எடுப்பது என்று கணவர் என்னைக் கேட்டார். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் தொலைபேசியில் விசாரிப்பது ஒரு வழி, நாக்கின்கீழ் வெப்பமானியை வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி, இந்தக் குழாய்க்காரன் நாக்கின்கீழ் வைக்கும் வெப்பமானி போன்றவன் என்று நான் சொன்னேன். அதைக் கேட்டுக் கணவர் குழாய் உள்ளதையே எடுத்தார்.

எமில்ராஜ் மேலே எழுதிய கேள்வியைக் கேட்டது அப்போதுதான். "அவ பாக்கட்டும். ஊராற்றை பிள்ளையளின்ரை பிழை எல்லாம் பாத்தவ, ஒரு முள்ளைப் பாக்கமாட்டாவோ?" என்று கணவர் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். அதன்பின் எமில்ராஜ் மீற்றர்களை நடுப்பலகையில், இடதுபக்கம் இருக்கும் எனக்கு நேராகத் தெரியும்படி சற்றுச் சரித்துப் பூட்டினார். குழாயை ஓரிடத்திலும் மடக்காமல், மீதியை வட்டமாகச் சுருட்டிக் கட்டினார். முகப்பின் இடப்பக்க ஓரம் குளிர், வலப்பக்க ஓரம் சிவப்புக் கோடிட்ட சூடு. முள்ளின் அடிப்பாகம் ஒரு கறுப்பு மூடிக்குள் இருப்பதால் வெளியே நுனி மட்டும்தான் தெரியும். இதை நான் குறிப்பாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றே காரை மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோவிலுக்குக் கொண்டுபோனோம். கணவரின் தங்கை இராசமலரும் வந்திருந்தார். ஐயர் பூசை செய்து, காரின் முன்பக்கத்துக்கும் ஸ்ரேறிங்குக்கும் சந்தனம் வைத்தார். அதன்பின் இராசமலர் மிச்சச் சந்தனத்தையும் குங்குமத்தையும் வாங்கிக்கொண்டு காரின் வலக்கதவால் உள்ளே குனிந்தார். "புதுச் சாமான் ரெண்டும் வெறும் நெத்தியோடை நிக்குது மச்சாள், அப்பிடியே கொண்டுபோறதோ?" என்று கேட்டார். இலக்கம் மறையும் என்று நான் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதே, ஓரத்திலைதான் வைக்கிறன்" என்று சொல்லி, தன் கைக்குக் கிட்டிய வலது ஓரத்தில், இரண்டு மீற்றர்க் கண்ணாடிகளிலும் தடிப்பாகச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் இட்டார். அவர் அதைக் கவனமாகவும் அன்பாகவும் செய்தார் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

சில நாள் ஓடியபின் நட்டுகளை இறுக்குவதற்கு வரும்படி எமில்ராஜ் சொல்லியிருந்ததால் மீண்டும் அவரிடம் போனோம். அவர் கண்ணாடிகளைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், உந்தச் சந்தனத்தைத் துடைச்சுப்போட்டு ஓடுங்கோ" என்றார். நீரே துடையும் தம்பி என்று நான் சொன்னேன். "ஐயோ, நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். கோயில் பொட்டிலை கை வைச்சவன் எண்டு நாளைக்கு ஒரு கதை வரும். நீங்கள் துடையுங்கோ" என்றார். கோவிலில் வைத்த பொட்டை நாங்கள் கையால் அழிப்பதில்லை, தானாகக் காய்ந்து உதிரும் என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். அது உதிரவில்லை.

சம்பவ நாளன்று பிற்பகல் சுன்னாகம் சந்தையில் விதை வெங்காய மூடைகளை வாங்கிப் பின் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டோம். வெயில் கடுமையாக இருந்தது. சந்தையடியில் வாகனங்கள் நெரிந்து நின்றதால் காரும் என்ஜின் ஓடியபடி நெடுநேரம் நின்றது. அதன்பின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றுக்குள் திரும்பினோம். ஏதோ எரிகிற மணம் வந்தது. யாரோ குப்பை எரிப்பதாக நினைத்தேன். "இஞ்சரும், சூடு எங்கை நிக்குது, பாரும்" என்று கணவர் கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். முகப்பில் முள் இல்லை. குளிர்ப் பக்கத்திலும் இல்லை, நடுவிலும் இல்லை. எழுத்துகளும் கோடுகளும் மட்டும் இருந்தன. முள்ளைக் காணேல்லை என்று சொன்னேன்.

"காணேல்லையோ? இறங்கிச் சந்தைக்குப் போட்டுதோ?" என்று கணவர் பகிடியாகக் கேட்டார். நான் சிரிக்கவில்லை. நிப்பாட்டுங்கோ என்று சொன்னேன். "உவன் எமில் பூட்டின வயர் கழண்டுபோச்சு. நாளைக்கு அவனைப் பிடிக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவர் தொடர்ந்து ஓட்டினார். அந்த மீற்றருக்கு வயரே கிடையாது. கடையில் விளக்கம் சொன்னவளே நான். இருந்தும் அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. பயம் வந்தால் படித்தது எல்லாம் முதலில் போய்விடும் என்று பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகளிடம் கண்டிருக்கிறேன்.

அதன்பின் காவலாளி இல்லாத புகையிரதக் கடவைக்கு வந்தோம். மணி ஒலிக்கவில்லை, விளக்கும் எரியவில்லை. முன்சில்லுகள் தண்டவாளத்தைக் கடந்ததும் காரின் முன்மூடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிற்று. என்ஜின் ஒருதரம் முனகி இறுகி நின்றது. பின்சில்லுகள் தண்டவாளங்களுக்கு நடுவில் நின்றன. கணவர் திரும்பத் திரும்ப ஸ்ராட் பண்ணினார். அப்போதுதான் கடவை மணி அடிக்கத் தொடங்கிற்று.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். காலடியில் கல்லெல்லாம் மெல்ல அதிர்ந்தது. இறங்குங்கோ என்று கத்தினேன். "பொறும், இப்ப எடுபட்டிடும்" என்று அவர் சொன்னார். நான் ஆவிக்குள்ளால் காரின் முன்பக்கம் சுற்றி ஓடி, அவருடைய கதவைத் திறந்து, சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தேன். "என்ரை கார்" என்றார். புகையிரதத்தின் விளக்கு அந்த வெயிலிலும் எனக்குத் தெரிந்தது. நான் கொலரை விடவில்லை. அவர் ஒரு காலை வெளியே வைத்தபோது புகையிரதம் காரின் பின்பக்கத்தை அடித்தது. கார் சுழன்று, திறந்திருந்த கதவு அவருடைய தொடையில் மோதிற்று. நான் வேலியோரம் விழுந்து கிடந்தேன். மேலெல்லாம் வெங்காயம் கொட்டிக் கிடந்தது. அவருடைய சத்தம் கேட்கும்வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

என் கணவர் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மீற்றரைப் பிழையாகப் பூட்டியதால் சூடு காட்டவில்லை, அதனால்தான் கார் கடவையில் நின்றது என்று அவர் அங்கே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். இராசமலரின் மகன் கோகுலன் அதை வைத்து முறைப்பாடு செய்தார். அதன்பின் எமில்ராஜைக் கொண்டுவந்தீர்கள். அவருடைய மனைவி ஜெனிற்றா நேற்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "ரீச்சர், அவர் விட்ட பிழை என்னெண்டு மட்டும் சொல்லுங்கோ, நான் போறன்" என்று கேட்டார். உள்ளே வந்து இருக்கச் சொன்னேன், அவர் வரவில்லை. பொலிஸ் நிலையத்துக்குள் போனவருக்காக வெளியே காத்து நிற்பது எப்படி என்பது எங்கள் ஊரில் எனது வயதுடைய எல்லாருக்கும் தெரியும்.

இன்று காலை இங்கு வந்தபோது முற்றத்தில் வேப்பமரத்தின்கீழ் எங்கள் கார் நிற்பதைக் கண்டேன். பின்பக்கம் நொறுங்கியிருக்கிறது, முன்பக்கம் அப்படியே இருக்கிறது. யன்னல் கண்ணாடியால் உள்ளே எட்டிப் பார்த்தேன். வெப்ப மீற்றரின் முள் குளிர்ப் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. வலது ஓரத்தில் இராசமலர் வைத்த பொட்டும் இருந்தது. உடனே உள்ளே வந்து, வாக்குமூலம் தரவேண்டும் என்று சொன்னேன்.

காரணத்தைச் சொல்கிறேன். பழுதான மீற்றரின் முள் குளிர்ப் பக்கத்தில் கிடக்கும், இப்போது கிடப்பதுபோல. வகுப்புக்கு வராத பிள்ளையின் கதிரை வெறுமையாக இருந்தால், பிள்ளை அந்தக் கதிரையில் இல்லை என்பதுதான் பொருளே தவிர, பிள்ளையே உலகத்தில் இல்லை என்பதல்ல. நான் பார்த்த நேரத்தில் முள் குளிர்ப் பக்கத்தில் இல்லை. ஆகவே அது எங்கோ நகர்ந்திருந்தது. அந்த முகப்பில் முள் நுனி மறையக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், அது அந்தப் பொட்டின் அடி. பொட்டின் அடியில் இருப்பது சிவப்புக் கோடு. மீற்றர் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. என்ஜின் தண்ணீரை ஆற்றும் றேடியேற்றர் அடைத்திருந்ததை மோட்டார்ப் பரிசோதகர் கண்டதாக நீங்களே சொன்னீர்கள்.

கணவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. முள்ளைக் காணவில்லை என்று நான் சொன்னதைத்தான் அவர் நம்பினார். இராசமலர் பொட்டு வைத்தது குற்றமல்ல. அவர் வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறார். இதைக் கேட்டால் அழுவார், கோகுலன் என்னோடு கதைக்கமாட்டார், கணவரும் சில காலம் கதைக்கமாட்டார். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. கொடுக்காமல் வீட்டுக்குப் போக அதைவிடப் பயமாக இருக்கிறது. எமில்ராஜின் வேலையில் பிழை இல்லை. துடைக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

எழுதியதை உத்தியோகத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, இவை உண்மையென்று சத்தியமாகச் சொல்கிறேன். ஒப்பம் வைக்குமுன் கீழ்வருவதையும் சேர்க்கும்படி கேட்டேன்.

பொட்டைத் துடைக்கவேண்டாம். என்ஜினிலிருந்து அந்தக் குமிழைக் கழற்றி, குழாயை மடக்காமல், கொதிக்கிற தண்ணீருக்குள் விட்டுவிட்டு, இடதுபக்க ஆசனத்தில் ஏறியிருந்து முள்ளைத் தேடிப் பாருங்கள்.

(ஒப்பம்) ந. பாலேஸ்வரி