கெர்னலுக்குள் வைத்த சர்வர்

எனக்கு மதியத் தூக்கம் பழக்கமில்லை, ஐயா. நாற்காலியில் சாய்ந்தபடி பத்து நிமிடம் கண்ணை மூடினால் போதும். அதுகூடக் கிடைக்காமல் போனதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான். போன் எடுக்கும் பெண்கள் விவரத்தைத் திரையில் பதிவு செய்வார்கள். அது ஓட்டுநரின் திரைக்குப் போகும். எல்லாம் ஒரே லினக்ஸ் மெஷினில். பக்கம் திறக்க நேரமாகிறது என்று ஓயாத புலம்பல். அதனால் அந்தப் பக்கங்களைத் தரும் வெப் சர்வரைக் கெர்னலுக்குள்ளேயே, அதாவது மொத்த மெஷினையும் இயக்கும் மையத்துக்குள்ளேயே வைத்தேன். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. தட்டிக்கொடுத்தார்கள்.

எனக்கு முன் அந்த வேலையைப் பார்த்த அக்கா மட்டும் முகம் சுளித்தார்.

"வெளிய இருந்தா சர்வர் மட்டும் விழும், தம்பி. உள்ள வச்சா மொத்த மெஷினையும் இழுத்துக்கிட்டு விழும்."

அவர் சொன்னது சரிதான். அளவுக்கு மீறி நீளமான ஓர் இணைய முகவரியை அனுப்பினால் மெஷின் அப்படியே நின்றுவிடும் என்பதை இரண்டாவது வாரமே கண்டுபிடித்தேன். ஏன் நின்றது என்று எழுதிவைக்கக்கூட அதற்கு அவகாசம் இருக்காது. சரிசெய்ய ஒரு நாள் மெஷினை நிறுத்த வேண்டும், விடமாட்டார்கள். நானும் கண்டும் காணாமல் விட்டேன்.

இரண்டரை வருடம் விடுப்பு இல்லை. சாப்பாட்டில் கை வைத்தால் போன் அடிக்கும். மெஷின் விழுந்தால் மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். பாவம், உள்ளே போராடுகிறான் என்று நினைத்துப் பெண்கள் காகிதத்தில் எழுதத் தொடங்குவார்கள். நான் திரும்பக் கிளப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். அது எழுந்து நிற்கப் பதினொரு நிமிடம் ஆகும். அப்படிப் பதின்மூன்று முறை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பதினான்காவது முறை, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வழக்கம்போல அந்த நீள முகவரியை நானே அனுப்பப் போகும்போது என் திரையில் ஒரு புது வரி வந்தது. ஆறு வயதுப் பெண் குழந்தை, மூச்சுத்திணறல், மூன்றாம் மாடி. வேகத்துக்காக, பதிவுகள் அரை நிமிடம் கழித்தே டிஸ்க்கில் ஏறி ஓட்டுநருக்குப் போகும்படி வைத்திருந்தேன். அந்த வரி இன்னும் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். கை தவறி அழுத்திவிட்டேன் என்று சொல்லலாம். இல்லை, படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். அவ்வளவு அலுப்பு.

மெஷின் எழுந்தபோது அந்த வரி இல்லை. போன் எடுத்த பெண்ணோ அனுப்பியாயிற்று என்றே நம்பிக்கொண்டிருந்தாள். குழந்தையின் அப்பா மறுபடி கூப்பிட்டபோது, "வண்டி வந்துக்கிட்டே இருக்குங்க," என்றாள். நான் வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நாற்பது நிமிடம் திறக்கவில்லை. குழந்தை போய்விட்டது. அந்தப் பெண்ணை வேலையைவிட்டு நீக்கினார்கள். அப்போதும் பேசாமல் இருந்தேன்.

மனசு கனக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதையும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அன்றைக்கு நான் கண்ணை மூடவே இல்லை. ஒன்பதே நிமிடத்தில் மெஷினைத் தூக்கி நிறுத்திவிட்டேன்.