அடுத்தவன் அடைத்த தோட்டா

வரிசையில் நிற்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும், மேடம். மனைவி போன பிறகு நாலு பேரோடு பேச வேறு எங்கே போவது? தேவாலயத்தில் பேசினால் முறைப்பார்கள். மருத்துவரைப் பார்க்கப் போனால் ஆளாளுக்குத் தங்கள் முழங்காலைப் பற்றியே பேசுவார்கள். அந்த இலையுதிர்காலத்தில் நார்ப் நடத்தும் துப்பாக்கிக் கடை வாசலில் நின்ற வரிசையைப் போலக் கலகலப்பான இடம் எங்கள் ஊரில் வேறு இல்லை.

தேர்தல் முடிந்த கையோடு பேச்சு கிளம்பியது. வாஷிங்டனில் புதுச் சட்டம் வருகிறது, துப்பாக்கிக்குத் தடை, தோட்டாவுக்குக் கட்டுப்பாடு, வீடு வீடாக வந்து எண்ணப்போகிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். பென்சில்வேனியாவின் இந்த மலைப்பக்கத்தில் மான் வேட்டை தொடங்கும் நாளுக்குப் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் தோட்டா கிடைக்காது என்றால் சும்மா இருப்பார்களா? கடை திறப்பதற்கு முன்பே வண்டிகள் சாலை வரைக்கும் நிற்கும். எங்கள் ஊர் டுவேன் என்பவன் வாங்கிக் குவித்ததில் அவன் வீட்டுத் தரைப்பலகையே இறங்கிவிட்டது. "பொண்டாட்டி பேச்சக் கேட்டுக் கெட்டேன்யா, போன மாசமே வாங்கியிருக்கணும்" என்று எல்லோரிடமும் அழுதான். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் டோரிஸும் வரிசையில் நின்றாள். அவளிடம் என்ன துப்பாக்கி என்று கேட்டேன்.

"துப்பாக்கியே கெடையாது வென்டெல். எல்லாரும் நிக்கிறீங்களே, எதையாவது குடுத்தா வாங்கிட்டுப் போவோம்னு நானும் நிக்கிறேன்."

ஒரு பெட்டி வாங்கிக்கொண்டுதான் போனாள். சிரிக்காதீர்கள். பயம் வந்துவிட்டால் மனிதனுக்கு எதையாவது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் பதற்றப்படாத ஒரே ஆள் என் மருமகன் கர்ட்டிஸ்தான். அவன் நல்லவன். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் பாவ்லா என்பீர்கள். என் மகள் மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை, குடித்துவிட்டுக் கத்தியதில்லை. கனரக வண்டிகள் பழுதுபார்ப்பவன், வேலையில் கெட்டிக்காரன். நாங்கள் வரிசையில் நிற்கும்போது வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கிவிட்டு, "என்ன பெரியவரே, ரொட்டி குடுக்கறாங்களா? வெண்ணெயும் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போவான். சட்டமும் வராது, ஒன்றும் வராது என்பான். அவன் சொன்னதுதான் நடந்தது. அந்தச் சட்டம் கடைசிவரை வரவே இல்லை.

அவனுக்கு மேற்கே வெகு தூரத்தில், வயோமிங்கில் வேலை கிடைத்திருந்தது. எரிவாயு வயலில், இங்கே வாங்குவதைவிட நல்ல சம்பளம். செப்டம்பரில் ஒரு நாள் லோர்னா என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைச் சொன்னாள். என் ஒரே மகள். மூன்று வீடு தள்ளித்தான் அவர்கள் வீடு. மாலையில் வந்து கேட்காமலே சட்டி மூடியைத் திறந்து பார்ப்பாள், பிரோகிக் கொழுக்கட்டை இருந்தால் நின்றபடியே தின்பாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிளம்புகிறோம் என்றாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், தொடர்ந்து நறுக்கினேன்.

"நீங்களும் வந்துருங்க பெரியவரே" என்றான் கர்ட்டிஸ். "பின்னாடி ஒரு ரூம் இருக்கு. ஜன்னலத் தொறந்தா ஆன்டெலோப்பு மானு மேயுமாம். படுத்துக்கிட்டே சுடலாம்."

அவன் மனதாரத்தான் கூப்பிட்டான். ஆனால் நான் என் வீட்டை விட்டுவிட்டு இன்னொருவன் வீட்டுப் பின்னறையில் போய்ப் படுக்கிறவன் இல்லை. அதை அவர்கள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு வீட்டு வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் சொந்தமாகத் தோட்டா அடைப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும், நிலவறையில் என் மேசையைப் பார்த்தீர்கள். சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்துவது. நாற்பது வருடப் பழக்கம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அந்த ரகம் நான். இந்த வேலை செய்பவர்களிடம் ஒரு விதி உண்டு. அடுத்தவன் அடைத்த தோட்டாவைச் சுடாதே. அடைத்தவன் தூக்கக் கலக்கத்தில் இருந்தானா, பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தானா, உனக்கு எப்படித் தெரியும்? சொந்த அண்ணன் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லுவார்கள், சுடமாட்டார்கள். நல்ல காலத்தில் இந்த ஊரில் யாரும் அந்த விதியை மீறியதில்லை.

கர்ட்டிஸிடம் இருந்தது அவன் அப்பா விட்டுப்போன பழைய துப்பாக்கி. ராபர்ட்ஸ் என்ற அளவுத் தோட்டா அதற்கு. இப்போது அந்த அளவை அதிகம் பேர் வைத்திருப்பதில்லை, கடைகளிலும் ஒன்றிரண்டு பெட்டிதான் இருக்கும். அந்தத் துப்பாக்கி அல்லாமல் வேறொன்றை எடுத்துக்கொண்டு அவன் மான் வேட்டைக்குப் போகமாட்டான். அது அவன் அப்பாவுக்குக் கொடுக்கும் மரியாதை.

நான் ராபர்ட்ஸ் வாங்க ஆரம்பித்தேன். நார்பின் கடையில் இருந்ததை முதலில் வாங்கினேன்.

"உன்கிட்ட ராபர்ட்ஸே கெடையாதேய்யா" என்றான் நார்ப். "இல்லாத குதிரைக்கு லாடமா?"

"கெடைக்கிறத வாங்கிப் போடுறேன். நாளைக்கு மாத்திக்கலாம்ல."

"அதுவும் சரிதான்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டான். வேறு எந்த வருடமாக இருந்தாலும் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பான். அந்த வருடம் அது புத்திசாலித்தனம். பக்கத்து ஊர்க் கடைகளுக்கும் போனேன். எங்கும் வரிசை, எங்கும் நல்ல பேச்சு. ஒரு கிழவன் தன்னிடம் இல்லாத துப்பாக்கிக்குத் தோட்டா தேடி அலைகிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

வேட்டை நெருங்கியதும் கர்ட்டிஸ் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கேலியெல்லாம் போயிருந்தது.

"நாலு ஊரு அலைஞ்சுட்டேன். ஒரு பொட்டிகூட இல்ல. உங்கள எல்லாம் கிண்டல் பண்ணினேன்ல, எனக்கு வேணும். அப்பாவோட தோட்டா அச்சு, பழைய கூடெல்லாம் உங்க மேசைலதான இருக்கு. கொஞ்சம் அடைச்சுக் குடுங்களேன்."

"அடுத்தவன் அடைச்சதச் சுடக்கூடாதுன்னு உங்கப்பன் சொல்லித்தரலையா?"

"சொன்னாரு" என்றான். "நீங்க என்ன அடுத்தவரா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேடம். பொய் சொல்லவில்லை. அவன் போன பிறகு வெகு நேரம் நிலவறைப் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்துபோய் அந்தக் கூடுகளில் போடக்கூடாத மருந்தைப் போட்டு அடைத்தேன். சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும் என்று தெரிந்துதான் போட்டேன். தவறுதலாக நடந்திருக்கலாமே என்று என் வக்கீல் சொல்லப் பார்க்கிறார். அவர் நல்ல பிள்ளை, ஆனால் நான் மருந்தை மாற்றிப் போடுகிறவன் என்று இந்த ஊரில் யாராவது சொன்னால் எனக்குத்தான் அவமானம்.

நான் நினைத்தது ஒரு கை மட்டும்தான். முழுக் கைகூட வேண்டாம். பழுதுபார்ப்பவனுக்கு இரண்டு விரல் போனால் வயோமிங்கில் அவனை யார் எடுப்பார்கள்? கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, அவன் சுடும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இருக்கவே மாட்டான். காயம் ஆறும்வரை அவர்கள் இரண்டு பேரையும் என் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாடி அறையைக்கூட ஒழித்து வைத்தேன். மெத்தைக்குப் புது விரிப்பு வாங்கினேன். கெட்டவன் இதையெல்லாம் செய்வானா?

வேட்டைக்கு முந்தைய ஞாயிறு, துப்பாக்கியின் குறி சரிபார்க்க மூன்று பேரும் எங்கள் வேட்டைச் சங்கத்துச் சுடுதிடலுக்குப் போனோம். நல்ல குளிர். வழக்கமாகக் கூட்டம் நிற்கும் திடல் அன்றைக்குக் காலியாகக் கிடந்தது. வீட்டில் மலைபோலக் குவித்து வைத்தவர்களுக்கு ஒரு தோட்டாவைச் சுடவும் மனம் வரவில்லை. கர்ட்டிஸ் துப்பாக்கியை மேசையில் மணல்மூட்டை மேல் வைத்து, ஒரு தோட்டாவை உள்ளே தள்ளினான். உட்காரப் போனவனை லோர்னா தோளைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரி. மொதத் தோட்டா எனக்கு."

"ஏன், துப்பாக்கி யாருது?"

"துப்பாக்கி உங்கப்பாவோடது. தோட்டா எங்கப்பாவோடது. எந்திரிடா."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். அவள் உட்கார்ந்தாள். தலைமயிரை ஒதுக்கி, காதுக்கவசத்தை மாட்டினாள். தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். மூச்சுப் பனியில் கண்ணாடி மங்குகிறது என்று முனகினாள். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பின்னால் நின்ற என்னிடம் நீட்டினாள்.

"பிடிங்கப்பா."

நான் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த இடத்தைத்தானே? நேரம் இருந்ததா என்று. இருந்தது. அவள் அவசரப்படுகிற பெண் இல்லை, நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்து, எடுத்து, திரும்ப வைத்தாள். அவள் மூச்சு ஒருமுறை போய் வந்ததை நான் பார்த்தேன். நிறுத்து என்று ஒரு வார்த்தை போதும். அதிர்ச்சியில் வாயடைத்துப் போயிருப்பீர்கள் என்று நீங்களே எனக்கு வழி எடுத்துக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. அப்படி இல்லை. அந்தக் கண்ணாடி என் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்றுதான் நினைத்தேன். அவன் கை போனாலும் சரி, அவள் கை போனாலும் சரி, இவர்கள் போகப்போவதில்லை. அதற்குள் அவள் விசையை இழுத்துவிட்டாள்.

வலது கண் போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல். நான் நினைத்த அதே எண்ணிக்கை, ஆள்தான் மாறிவிட்டது.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அமளியில் மீதித் தோட்டாக்களை என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பழைய துப்பாக்கி, இரும்பு களைத்துப் போயிருக்கும் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். கர்ட்டிஸ் எல்லோரையும்விட அதிகமாக நம்பினான். தன் அப்பாவின் துப்பாக்கியைத் தானே அவள் முன்னால் வைத்தோமே என்று மருத்துவமனைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். நான் மறுத்துச் சொல்லவில்லை. லோர்னாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் ஜனவரியில் தனியாக வயோமிங் போனான். போக வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. அவள் என் வீட்டுக்கு வந்தாள். ஒழித்து வைத்த அறை இருந்தது, புது விரிப்பு இருந்தது.

அந்தக் குளிர்காலம் போல நாங்கள் சேர்ந்து இருந்ததில்லை. இறைச்சியை நறுக்கிக் கொடுப்பேன். தலை வாரிவிடுவேன். வலது பக்கம் நின்றால் பதறுவாள் என்று இடது பக்கமாகவே நடப்பேன். வசந்தத்தில் நார்பின் கடையில் தோட்டா விலை இறங்கி அலமாரி நிரம்பி வழிகிறது என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அவள் நிலவறைக்கு வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூடி திறக்க இடுக்கி தேடி வந்தாளாம். ராபர்ட்ஸ் பெட்டிகள் வரிசையாக அடுக்கி இருந்ததைப் பார்த்தாள். நான் மேலே சூப்பு கிளறிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இவ்வளவு இருந்துச்சா, அப்பா? அவரு நாலு ஊரு அலைஞ்சாரே."

"வாங்கிப் போட்டேன்மா. எல்லாரும் வாங்கினாங்க."

"உங்ககிட்ட இந்தத் துப்பாக்கியே கெடையாதே."

நான் சூப்பைக் கிளறினேன். அவள் அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் ரொம்ப மெதுவாக, "என் கண்ணாடிய வாங்கினீங்களே" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உங்கள் போலீஸ் நிலையத்துக்கு போன் செய்தாள்.

அவ்வளவுதான் மேடம். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். கர்ட்டிஸ் வந்து வெளியே வண்டியில் காத்திருக்கிறான், அவள் அவனோடு வயோமிங் போகிறாள் என்கிறீர்கள். போகமாட்டாள். கோபத்தில் சொல்லியிருப்பாள், பாதி வழியில் திரும்பிவிடுவாள். அங்கே போய் அவளுக்கு யார் இறைச்சி நறுக்குவார்கள்? எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியுமா? பெற்றவன் பார்த்துக்கொள்கிற மாதிரி அவளை வேறு எவன் பார்த்துக்கொள்வான்?