படம் அசல்தான்

கம்ப்யூட்டரில் மெயில் அனுப்பக்கூட எனக்குத் தெரியாது, நடுவர் ஐயா. இதையும் நான் சொல்லச் சொல்ல என் மனைவி பூமாதான் டைப் அடிக்கிறாள். அப்படிப்பட்டவனுக்கு, 'உங்கள் படம் ஏஐ வரைந்தது, பறவைப் பாதுகாப்பு விருதைத் திருப்பித் தரவும்' என்று எழுதிவிட்டீர்கள். வயிறு எரிகிறது.

முந்நூறு நாரை ஒரே நொடியில் எழும்பாது என்கிறீர்கள். வாஸ்தவம், தானாக எழும்பாது. மூன்று மாதம் அந்த ஏரிக்கரையில் தவம் கிடந்தேன். ஒன்றும் இரண்டுமாகப் பறந்து உயிரை வாங்கின. பின்னால் கம்பெனி ஷெட்டுகள், மேலே வானம் கொள்ளாத நாரைகள். இருபது வருடத் தொழிலில் எனக்கு அந்த ஒரு படம் வேண்டியிருந்தது.

மண்ணூர் தாண்டி உள்ள அந்த ஊரில் தீபாவளிக்கும் வெடி கிடையாது, சாவுக்கும் கிடையாது. நாரைகள் மிரளுமாம். வெடியே கேட்டறியாத பறவை எப்படி எழும்பும் என்று யோசித்தேன்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் வேலை பார்த்த காசிராஜனுக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். ஏரிக்கரையில் வாடகை அறை. ஷிப்டுக்குப் போகுமுன் கூடுகளை எண்ணிவிட்டுப் போவான். லீவில் ஊருக்குப் போனவனிடம், குன்றத்தூரில் எங்கள் வீட்டு விசேஷம் என்று சொல்லி ஆயிரம் வாலா சரம் வாங்கிவரச் சொன்னேன்.

"இங்கன வச்சு வெடிச்சிராதீக அண்ணாச்சி, குஞ்சு பொரிச்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

அவன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிய ஒரு காலையில் கொளுத்தினேன். தாய்ப்பறவைகள் எழும்பிய வேகத்தில் குஞ்சுகள் கூட்டிலிருந்து உதிர்ந்தன. படத்தின் இடது ஓரத்தில் அந்தரத்தில் நிற்கும் குஞ்சை ஒட்டு வேலை என்று வட்டம் போட்டிருக்கிறீர்கள். அது தண்ணீரில் விழுந்த படமும் இருக்கிறது, அனுப்புகிறேன்.

ஊரே திரண்டது. தலைவர் வெங்கடேசன், "யார் சார் கொளுத்துனது? நீங்க இங்கதான இருந்துகினு இருந்தீங்க?" என்றார். "சரம் காசிராஜன் வாங்கியாந்தது" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தூக்கத்திலிருந்து இழுத்துவந்து அடித்தார்கள். அவன் வலது கை முறிந்தது, பிறகு வேலையும் போனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அடி விழும்போது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்ததால் அதையும் எடுத்தேன். 'பறவைக்கொல்லி' என்ற தலைப்பில் உங்களிடம் இரண்டாம் பரிசு வாங்கியது அந்தப் படம்தான். அதில் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

சரம் கொளுத்தியவன் நான். கையெழுத்துப் போட்டே தருகிறேன். இந்த வருடம் அங்கே நாரைகள் வரவில்லை, மறுபடி எடுத்துக் காட்ட வழியில்லை. பறவைகளுக்காகவே வாழ்ந்தவனை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பொய்க்காரன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.