முழு மதிப்பெண் வள்ளலிடம் ஒரு கடைசி வேண்டுகோள்

மதிப்பெண் மாரி பொழிந்த மேகமே! முறுவல் மாறாத முகமே! இத்தொழிற்பயிற்சி நிலையத்தின் தர மதிப்பீட்டு அலுவலராக வீற்றிருந்து, எங்கள் பட்டறைகளின் குறைகளையெல்லாம் நிறைகளாகவே கண்டு, இன்று மாலையோடு பணி ஓய்வு பெறும் பெருந்தகையே! வருக! அமர்க! நாங்கள் அணிவிக்கும் மாலையை ஏற்றருள்க! சால்வையும் இருக்கிறது, சற்றுப் பொறுத்தருள்க!

இம்மடலை எழுதும் பொறுப்பைப் பணியாளர் கூட்டம் குளிர்சாதனப் பிரிவின் பயிற்றுநரிடம் ஒப்படைத்தது. அவர்தான் சூடில்லாமல் எழுதுவார் என்று எல்லோரும் நம்பினோம். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. ஆனாலும் ஒரு சொல்லைக்கூட அடிக்காமல் அனைவரும் கையெழுத்திட்டோம். சொற்கள் அவருடையவை, வயிற்றெரிச்சல் எங்கள் அனைவருடையது.

பண்பின் பெட்டகமே! கடுஞ்சொல் அறியாத நாவும், காத்திருக்க வைக்காத கையும் உங்களுக்கே உரியவை. வெல்டிங் வாத்தியாரின் தாயார் நோயுற்றபோது உறவினர் வந்து சேரும் முன்பே மருத்துவமனை வாசலில் நின்றீர்கள். வாயிற்காவலரின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினீர்கள். யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. யாருடைய விடுப்பையும் மறுத்ததில்லை. இவற்றில் ஒரு சொல்லும் கேலியில்லை, ஐயா. இவ்வளவு நல்லவர்மீது கோபப்பட வேண்டியிருக்கிறதே என்பதுதான் எங்கள் ஆத்திரம்.

தரத்தின் தராசே! மதிப்பீட்டு அலுவலர் விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு. தேசியத் தரம் சொல்வதை எங்கள் மாணவர் கற்கிறார்களா? வேலை கொடுப்பவர்கள் கேட்பதை எங்கள் மாணவர் செய்வார்களா? இரண்டுக்கும் நீங்கள் விடை கண்ட விதத்தை நாளைய தலைமுறை அறிய வேண்டாமா?

இயந்திரங்கள் வண்ணம் பூசப்பட்டு இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது தேசியத் தரம். எனவே, ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் முந்தைய நாள் பட்டறை முழுவதும் பச்சை வண்ணம் பூசப்படும். நாங்களும்தான் தூரிகை பிடித்தோம். மறுநாள் நீங்கள் வருவீர்கள். குளிர்சாதன இயந்திரத்தை முடுக்கச் சொல்வீர்கள். அது உறுமும். தலையசைப்பீர்கள். குளிர்கிறதா என்று ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. தொட்டால் வண்ணம் கையில் ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக்காண்டு ஏறிய வண்ணத்தில், இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் இருந்த எழுத்துகளே மூழ்கிவிட்டன. எங்கள் மாணவரில் இருவர் இன்று நல்ல வருமானத்தோடு வாழ்கிறார்கள், வண்ணம் பூசும் தொழிலில்! பயிற்சிக்கும் சந்தைக்கும் இதைவிடப் பொருத்தம் வேறெங்கே காண முடியும்?

இரண்டாம் கேள்விக்கு நீங்கள் கண்ட விடையோ அறிவுலகம் இதுவரை காணாதது. நகரின் தொழிற்சாலைகளுக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கும் எழுதி, "எங்களிடம் பயின்றவர்களைப் பற்றி உங்களுக்குப் புகார் உண்டா?" என்று கேட்டீர்கள். ஒருவர் விடாமல் "இல்லை" என்றார்கள். எப்படிச் சொல்லாமல் இருப்பார்கள்? எங்களிடம் பயின்றவர் ஒருவரையும் அவர்கள் வேலைக்கு எடுத்திருக்கவில்லை! எடுக்காத ஆளின்மேல் என்ன புகார் இருக்கும்? நீங்களோ புகாரில்லாமையை முழு நிறைவு என்று கணக்கில் கொண்டு, தொழிற்சந்தைத் தேவைக்கும் முழு மதிப்பெண் வழங்கினீர்கள். வள்ளலே! கேளாமலே கொடுத்தவரே!

கொடுத்ததன் பலனையும் சொல்லிவிடுகிறோம். புதிய இயந்திரங்கள் கேட்டு நாங்கள் தலைமையகத்துக்குப் போனபோதெல்லாம் அங்கிருந்த மேலாளர் சிரித்தார். "முழு மார்க் வாங்கின எடத்துக்குப் புது மெஷின் எதுக்குங்க? ஃபெயிலானவங்களே வரிசையில நிக்கிறாங்க" என்றார். நீங்கள் அள்ளிக் கொடுத்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் எங்கள் வாசலை இன்னொரு முறை இழுத்துச் சாத்தியது.

சென்ற ஆண்டு குளிர்சாதனப் பிரிவில் முதலிடம் பெற்ற பெண்ணை நினைவிருக்கிறதா? இதே மேடையில் உங்கள் கையால்தான் பதக்கம் வாங்கினார். பதக்கத்தோடு குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்கு வேலை கேட்டுப் போனார். அன்று மாலையே திரும்பி வந்து பட்டறை வாசலில் நின்றார். "சார், அங்க இருக்கிற மெஷின்ல எதை எங்க தொடறதுன்னே எனக்குத் தெரியல. நம்ம மெஷினும் அங்க இருக்கு சார். வரவேற்பறையில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள. அந்தக் காலத்துல இதைத்தான் வச்சிருந்தாங்கன்னு எழுதிப் போட்டிருக்காங்க" என்றார். அழுவார் என்று நினைத்தோம். சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்களால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார்.

அவர் திரும்பி வந்த அன்றே, உள்ளபடி மதிப்பெண் இடச் சொல்லி நாங்கள் எல்லோருமாக உங்கள் அறைக்கு வந்தோம். உட்காரச் சொன்னீர்கள், தேநீர் வரவழைத்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொறைச்சுப் போட்டா மூடிடுவாங்கப்பா. உங்க எல்லாரோட சோறும் இதுல இருக்கு. நான் கையெழுத்துப் போட்டு உங்க அடுப்பை அணைக்கணுமா?" என்றீர்கள். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். எங்களுக்காகத்தானே சொல்கிறார் என்று நன்றியும் பட்டோம். வேறு வழி தெரியாதவர் என்றே உங்களை எண்ணினோம்.

அப்படியே எண்ணிக்கொண்டு இன்று உங்களை வாழ்த்தி அனுப்பியிருப்போம், ஐயா. அந்த எண்ணத்தைக் கெடுத்தது உங்கள் இளைய மகனின் படிப்பு. அவரையும் குளிர்சாதனத் தொழிலில்தான் சேர்த்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் கட்டணமில்லாத, முழு மதிப்பெண் பெற்ற இந்த நிலையத்தில் அல்ல. பாலத்துக்கு அப்பால், பணம் கட்டிப் படிக்கும் தனியார் நிலையத்தில். அங்குள்ள பயிற்றுநர் சென்ற மாதம் எங்களைச் சந்தித்தபோது உங்களைப் புகழ்ந்து தள்ளினார். "உங்க ஆபீசர் மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லைங்க. ஒவ்வொரு மெஷினையும் ஓடவிட்டுக் கையால தொட்டுப் பாத்தாரு. எங்ககிட்டப் படிச்சவங்க எங்க வேலை பாக்குறாங்கன்னு கேட்டு, அந்தக் கம்பெனிக்கே போன் போட்டு விசாரிச்சாரு. அப்புறந்தான் பையனைச் சேத்தாரு. நீங்க குடுத்து வச்சவங்க" என்றார்.

கொடுத்து வைத்தவர்கள்! தரம் அறிந்த தகையோரே, எங்களைப் புண்படுத்தியது இதுதான். தெரியாமல் செய்திருந்தால் மறந்திருப்போம். பயந்து செய்திருந்தாலும் பொறுத்திருப்போம். தெரிந்திருக்கிறது. தேசியத் தரத்தை எப்படி அளப்பது, சந்தை கேட்பதை யாரிடம் விசாரிப்பது என்று எங்கள் எல்லோரையும்விட உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவு முழுவதையும் ஒரே ஒரு பிள்ளைக்குச் செலவழித்துவிட்டு, ஊரார் பிள்ளைகளுக்குத் தலையசைத்துவிட்டுப் போகிறீர்கள்.

இந்த ஆண்டின் மதிப்பீடு இன்னும் உங்கள் மேசையில் இருக்கிறது. இம்முறை இடும் மதிப்பெண் அடுத்த ஐந்தாண்டுக்கும் செல்லும் என்பதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் அதிகாரம் அலுவலகம் மூடும்வரை உண்டு. ஆகவே மாலையும் சால்வையுமாக நிற்கும் உங்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே: எங்களைத் தோல்வியுறச் செய்யுங்கள். விழா முடிந்ததும் பட்டறைக்கு வாருங்கள். இம்முறை நாங்கள் வண்ணம் பூசவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டுக் கையை வைத்துப் பாருங்கள். கிடங்குகளைத் தொலைபேசியில் அழைத்து, எங்கள் மாணவரை ஏன் எடுப்பதில்லை என்று கேளுங்கள். பாலத்துக்கு அப்பால் போன அந்தத் தந்தையை, ஒரே ஒரு மாலைப் பொழுதுக்கு எங்களுக்குத் தாருங்கள். மூடிவிடுவார்களோ என்ற அச்சம் எங்களுக்கும் உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். அந்த அச்சத்தோடுதான் கேட்கிறோம்.

இன்று காலை தையல்காரப் பெண்மணி ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். வாசலில் தொங்கும் 'முழு மதிப்பெண் பெற்ற நிலையம்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, "இங்க சேத்தா வேலை கெடைச்சிடுங்களா?" என்று கேட்டார். பேச்சுக்கு என்றும் பஞ்சமில்லாத மின்பிரிவு வாத்தியார் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நாளைக்கு வாங்கம்மா, சொல்றேன்" என்று அனுப்பிவைத்தார். நாளை அந்தப் பெண்மணிக்கு நாங்கள் சொல்லப்போவதை இன்று மாலை நீங்கள்தான் எழுதப்போகிறீர்கள்.

அன்பின் உருவே! நோயின்றி, நொடியின்றி, மனைவி மக்களோடு மகிழ்ந்து நெடுநாள் வாழ்க! உங்கள் வீட்டுக் குளிர்சாதனம் ஒருநாள் பழுதாகி, நீங்கள் அழைக்க, எங்களிடம் பயின்ற ஒருவர் வந்து அதைத் தொட்டுத் திறந்து சரிசெய்து கொடுக்கும் நாள்வரையிலாவது வாழ்க! அதற்கு நீங்கள் எத்தனை வயதுவரை வாழ வேண்டியிருக்கும் என்பது உங்கள் இன்றைய மதிப்பெண்ணைப் பொறுத்தது.

உங்கள் கைம்மாறு நோக்கிக் காத்திருக்கும்,
குளிர்சாதனம், வெல்டிங், ஃபிட்டர், மின்பிரிவுப் பயிற்றுநர்களும்
பட்டறை உதவியாளர்களும் வாயிற்காவலரும்